மலையிலிருந்து போக்கிமான் போட்டிக்கு: முதன்முறை ஆடப் போகிறவர்களுக்கான செய்முறை

எட்டு ஜிம்மையும் ஜெயித்து, சாம்பியனையும் வீழ்த்தி, போக்கிமான் வீடியோ கேமின் கதையை முடித்துவிட்டு "அடுத்து என்ன?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கோத்தகிரிக்காரன். போட்டி என்றால் மலையிறங்கிக் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். பக்கத்தில் சேர்ந்து ஆட ஆள் இல்லையே என்று நீங்கள் தயங்க வேண்டாம். கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதியை வீட்டில் உட்கார்ந்தபடியே கற்றுக்கொள்ளலாம்.

ஒவ்வொரு டர்னிலும் (இரு தரப்பும் தங்கள் செயலைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை ஆடுவது ஒரு டர்ன்) யார் முதலில் அடிப்பார்கள் என்று தெரிந்து வைத்திருப்பவர்தான் போட்டியில் ஜெயிக்கிறார். இந்தச் செய்முறை முழுக்க அதைச் சுற்றித்தான் போகும்.

படி 1: விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

அதிகாரபூர்வப் போட்டிகள் 2009 முதல் விஜிசி (வீடியோ கேம் சாம்பியன்ஷிப்ஸ்) என்ற பெயரில் நடக்கின்றன. கதையில் ஒன்றுக்கு ஒன்று மோதுவோம். இங்கே இரண்டுக்கு இரண்டு. ஆறு போக்கிமான் கொண்ட அணியோடு போவீர்கள். எதிராளியின் ஆறையும் பார்த்துவிட்டு, உங்கள் ஆறில் நான்கை மட்டும் அந்த ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுப்பீர்கள். எல்லாம் லெவல் 50-க்குக் கொண்டுவரப்படும். அதனால் லெவல் 100 வரை வளர்த்ததால் தனி லாபம் எதுவும் கிடையாது. ஒரே போக்கிமான் இரண்டு இருக்கக் கூடாது, ஒரே பொருளை இரண்டு போக்கிமானுக்குக் கொடுக்கவும் கூடாது.

எந்தெந்தப் போக்கிமானை அனுமதிப்பது என்ற பட்டியல் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறும். அணி அமைக்க உட்காருவதற்கு முன்னால் நடப்புப் பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்கள்.

படி 2: ஆறு பேரைச் சேருங்கள்

பலசாலிகளாகப் பார்த்து ஆறு பேரைச் சேர்த்தால் அணி ஆகிவிடாது. யாருக்கு என்ன வேலை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அடிப்பதற்கு இரண்டு மூன்று பேர் வேண்டும். வேகத்தை மாற்ற ஒருவர். மற்றவர்களைக் காப்பாற்ற ஒருவர். எதிராளியின் அடியைக் குறைக்க ஒருவர்.

இந்தக் கடைசி வேலைக்கு இன்சினரோர் என்ற போக்கிமான் மாதிரி ஆள் கிடைப்பது கஷ்டம். களத்தில் இறங்கியதுமே இன்டிமிடேட் என்ற திறனால் எதிரில் நிற்கும் இரண்டு பேரின் தாக்குதல் பலத்தையும் ஒரு படி இறக்கிவிடும். இறங்கிய முதல் டர்னில் ஃபேக் அவுட் என்ற மூவைப் (போக்கிமான் களத்தில் செய்யும் செயலைப்) போட்டு ஒருவரை அசையவிடாமல் செய்யும். அனுமதிப் பட்டியலில் அது இருந்தால், புதிதாக ஆடுகிறவர்கள் யோசிக்காமல் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த போக்கிமானை வைத்து ஆட முடியாதா என்று கேட்பீர்கள். 2014-இல் வாஷிங்டனில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பைத் தேடிப் பாருங்கள். தென் கொரியாவின் சே ஜுன் பார்க் அதில் பச்சிரிசுவோடு ஆடிக் கோப்பையை எடுத்தார். அணில் மாதிரி இருக்கும் சின்ன மின்சாரப் போக்கிமான் அது. யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஃபாலோ மீ என்ற மூவைப் போட்டு எதிராளியின் அடிகளைத் தன் பக்கம் இழுத்து வாங்கிக்கொண்டது. பக்கத்தில் நின்ற கூட்டாளி நிம்மதியாக அடித்தது. உங்களுக்குப் பிடித்ததையும் சேருங்கள், ஆனால் அதற்கு ஒரு வேலை கொடுத்துச் சேருங்கள்.

படி 3: வேகக் கணக்கு

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள்.

வேகத்தை மாற்ற முக்கியமாக இரண்டு மூவ். டெயில்விண்ட் போட்டால் உங்கள் பக்கத்தில் எல்லாருடைய வேகமும் இரட்டிப்பாகும். நான்கு டர்ன் நிற்கும். போட்ட டர்னும் அதில் சேர்த்தி என்பதால் முழுதாகக் கையில் இருப்பது அடுத்த மூன்று. ட்ரிக் ரூம் போட்டால் எல்லாம் தலைகீழ்: மெதுவாக இருப்பவர் முதலில் அடிப்பார். அது ஐந்து டர்ன், போட்ட டர்னையும் சேர்த்து. டோர்கோல் ஆமையை அசமந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். ட்ரிக் ரூமுக்குள் முழு உயிரோடு நின்று அது எரப்ஷன் என்ற மூவைப் போட்டால் பாதி அணி சாம்பலாகிவிடும்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வேகத்துக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்காத, ஐவி (பிறவியிலேயே வரும் பலம்) முழுதாக உள்ள இன்சினரோரின் வேகம் லெவல் 50-இல் 80. வேகத்துக்கு முழுப் பயிற்சியும், வேகத்தைக் கூட்டும் நேச்சரும் (குணமும்) உள்ள கார்சோம்ப் என்ற போக்கிமானின் வேகம் 169. நீங்கள் டெயில்விண்ட் போட்டால் இன்சினரோர் 160 ஆகும். அப்போதும் கார்சோம்ப்தான் முந்தும்.

இன்சினரோருக்கு வேகத்தில் 36 ஈவி (பயிற்சியால் சேரும் புள்ளி) கொடுங்கள். 80 இப்போது 85 ஆகிறது. டெயில்விண்டில் அது 170. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கார்சோம்பை முந்திவிட்டீர்கள். மொத்தம் இருக்கும் 510 ஈவியில் 36 பெரிய செலவே இல்லை, ஆனால் அந்த டர்னில் ஆட்டமே உங்கள் கைக்கு வந்துவிடும்.

உங்கள் ஆறு பேரின் வேகத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் டெயில்விண்டில் எவ்வளவு என்று எழுதுங்கள். அப்புறம் போட்டிகளில் அடிக்கடி வரும் போக்கிமான்களின் உச்ச வேகத்தையும் எழுதி, யாரை யார் முந்துவார் என்று கோடு போட்டு வையுங்கள். மனப்பாடம் ஆகும்வரை பாருங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் செய்யக்கூடிய பயிற்சி இது.

படி 4: புரொடெக்ட்டைப் பழகுங்கள்

புரொடெக்ட் என்பது அந்த டர்னில் தன் மேல் அடி விழாமல் காத்துக்கொள்ளும் மூவ். கதையை ஆடும்போது அதை யாரும் தொடுவதில்லை. இங்கே உங்கள் அணியில் பாதிப் பேருக்காவது அது இருக்க வேண்டும். காரணம் இதுதான். எதிராளி தன் இரண்டு பேரையும் வைத்து உங்கள் அடிதடிக்காரர் மேலேயே குறி வைக்கிறார். நீங்கள் அவருக்கு புரொடெக்ட் போடுகிறீர்கள். இரண்டு அடியும் வீண். அதே டர்னில் உங்கள் இன்னொரு போக்கிமான் தன் வேலையை முடித்துவிடுகிறது.

ட்ரிக் ரூம் அணிகளிடமும் இதுதான் மருந்து. போட்டவுடன் பதறாமல், ஒரு டர்ன் புரொடெக்ட், அடுத்த டர்ன் ஆள் மாற்றம் என்று நேரத்தைக் கடத்தினால் அவர்களுடைய ஐந்து டர்னில் பாதி கரைந்துவிடும். அடுத்தடுத்து இரண்டு முறை புரொடெக்ட் போட்டால் இரண்டாவது பலிக்க மூன்றில் ஒரு வாய்ப்புதான். அதை நம்பி இறங்காதீர்கள்.

படி 5: ஷோடவுனில் ஆடுங்கள், பிறகு திரும்பிப் பாருங்கள்

போக்கிமான் ஷோடவுன் என்பது பிரௌசரிலேயே ஓடும் இலவச சிமுலேட்டர். எந்தப் போக்கிமானையும் பிடிக்க வேண்டாம், வளர்க்க வேண்டாம். பெயரைத் தட்டினால் அணி தயார். டேட்டாவும் அவ்வளவாகத் தின்னாது. ஒரு டர்ன், பிறகு காத்திருப்பு என்று போகிற ஆட்டம் என்பதால், ஜன்னலோரம் போய் நின்றால் மட்டும் ஒரு கோடு சிக்னல் வரும் எங்கள் எஸ்டேட் பக்கத்து வீடுகளிலும் தடங்கலில்லாமல் ஓடுகிறது.

ஒரு அணியை எடுத்தால் அதிலேயே நில்லுங்கள். இரண்டு ஆட்டம் தோற்றதும் அணியைக் கலைப்பதுதான் புதியவர்களை வளரவிடாமல் தடுக்கிறது. அணி மாறினால் வேகக் கணக்கும் மாறும். எழுதிய நோட்டு வீணாகும். தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைத் திறந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தேர்ந்தெடுத்த நான்கு பேர் சரியா? முதலில் இறக்கிய ஜோடி சரியா? யார் முந்துவார் என்று நினைத்தது எந்த டர்னில் தவறியது? பெரும்பாலும் மூன்றாவது கேள்வியிலேயே பதில் கிடைத்துவிடும்.

குன்னூரில் இருக்கும் என் நண்பர் ஒருவரும் நானும் போனில் பேசிக்கொண்டே ரீப்ளே பார்ப்போம். தனியாகப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். "அந்த டர்ன்ல நீ என்ன போடுவேன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுது" என்று அவர் சொல்லும்போதுதான், என் ஆட்டம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரிகிறது என்பது புரியும்.

படி 6: அணியை கேமுக்குள் கொண்டுவாருங்கள்

ஷோடவுனில் பழகிய அணியை நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் உருவாக்க வேண்டும். ஸ்கார்லெட், வயலெட் கேம்களில் இது எளிது. கேமுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே மாற்றிக்கொள்ளலாம்: நேச்சருக்கு மின்ட், ஐவிக்கு பாட்டில் கேப், ஈவிக்கு வைட்டமின்கள். பாட்டில் கேப் பயன்படுத்த லெவல் 50 இருந்தால் போதும். முடித்ததும் நோட்டில் உள்ள எண்களோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுச் சரிபாருங்கள். குறிப்பாக வேகம்.

படி 7: போட்டி நாள்

பெரிய போட்டிகளில் அணிப் பட்டியலை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். போக்கிமான், பொருள், திறன், மூவ்கள் எல்லாம் அதில் இருக்கும். கேமில் இருப்பதும் பட்டியலில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் அபராதம் உண்டு. எதிராளியின் பட்டியலையும் உங்களுக்குக் காட்டுவார்கள். அதில் ஈவி இருக்காது. உங்கள் வேக நோட்டு பலன் தருவது இங்கேதான். போட்டியின்போது அதைத் திறக்க முடியாது, மனசில் இருக்க வேண்டும்.

நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க 90 விநாடி. ஒவ்வொரு டர்னுக்கும் 45 விநாடி. அதற்கு மேல் ஒரு ஆட்டம் முழுவதற்கும் உங்கள் பங்கு 7 நிமிடம்தான். கோயம்புத்தூரில் நடந்த ஒரு சின்னப் போட்டியில் எனக்கு எதிரில் உட்கார்ந்த பள்ளிக்கூடத் தம்பி, நான் தாடையில் கை வைத்து யோசிப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, டைம் ஓடுது" என்று மெதுவாகச் சொன்னான். நேரம் தீர்ந்து நான் தோற்றால் லாபம் அவனுக்குத்தான். அப்படியும் சொன்னான். இந்த விளையாட்டில் நான் பார்த்த மனிதர்கள் பெரும்பாலும் இப்படித்தான். புதியவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைக்கிறவர்கள். தெரியாததைத் தயங்காமல் கேளுங்கள்.

ஆட்டங்கள் ஸ்விஸ் முறையில் நடக்கும். தோற்றால் வெளியே போக வேண்டியதில்லை. உங்களைப் போலவே ஜெயித்து, உங்களைப் போலவே தோற்றவரோடு அடுத்த சுற்று. அதனால் முதல் இரண்டு சுற்று போய்விட்டாலும் எழுந்து போகாதீர்கள். உங்களுக்குச் சமமானவர்களோடு நல்ல ஆட்டங்கள் அதற்கப்புறம்தான் வரும். பெரும்பாலும் மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும் என்று வைப்பார்கள். முதல் ஆட்டத்தில் எதிராளி எந்த நான்கு பேரை இறக்கினார், எது எதை முந்தியது என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். இரண்டாவது ஆட்டத்தில் உதவும்.

மலையிலிருந்து வருபவர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் மணிக்கணக்கில் நிற்க வேண்டி வரும். முதல் சுற்றுக்கு வராவிட்டால் தோல்வி என்றே எழுதிவிடுவார்கள். முடிந்தால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். சார்ஜர், பவர் பேங்க் இரண்டும் பையில் இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குத் தனி இடைவேளை கிடைப்பது அரிது. கொறிக்க ஏதாவது கொண்டுபோங்கள், கூடுதலாக ஒரு வர்க்கி பாக்கெட் இருந்தால் பக்கத்து மேசைக்கும் ஆகும்.

ஆட்டம் முடிந்ததும் எதிராளியிடம் அவருடைய வேகம் எவ்வளவு வைத்திருந்தார் என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அந்த எண்களை நோட்டில் சேர்த்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்துவிட்டால் எழுத முடியாது.