இன்சோல் வாங்கியும் குதிகால் வலி போகவில்லையா?

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் எட்டு வருடம் நின்றிருக்கிறேன். காலை ஒன்பதரைக்குத் தளத்துக்குப் போனால் இறங்க இரவு ஒன்பதரை ஆகிவிடும். முதல் இரண்டு வருடம் கால் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒருநாள் விடிகாலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்தியது போல ஒரு வலி. நாலு எட்டு நடந்ததும் குறைந்தது, மாலையில் திரும்ப வந்தது. குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டை நொந்துபோனால் வலி இப்படித்தான் வரும்.

ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் இன்சோல் வாங்கப் போனேன். செய்யக்கூடாததை எல்லாம் வரிசையாகச் செய்தேன்.

முதலில், இருப்பதிலேயே மெத்தென்று இருந்ததை எடுத்தேன். கட்டைவிரலால் அமுக்கினால் பஞ்சு போலப் போகிறதே என்று சந்தோஷம். கை அமுக்குவது வேறு, முழு உடம்பு நாளெல்லாம் அமுக்குவது வேறு. சில வாரத்தில் அப்பளமாகிவிட்டது. வலிக்கும் காலுக்கு மெத்தையை விடத் தாங்கல்தான் முக்கியம். குதிகாலைக் கிண்ணம் போலப் பிடிக்க வேண்டும், பாதத்தின் உள்வளைவு தொய்யாமல் தாங்க வேண்டும். இரண்டு முனையையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல் பக்கம் வளையலாம். நடுப்பகுதி துணிபோல மடிந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள்.

அடுத்தது, ஷூவில் ஏற்கெனவே இருந்த அட்டையைக் கழற்றாமல் அதன் மேலேயே புதியதை வைத்தேன். குதிகால் உயர்ந்து, நடக்கும்போது ஷூவை விட்டுக் கழன்றது. விரல்கள் மேலே முட்டின. மூன்றாம் நாள் சுண்டுவிரலில் கொப்புளம். பழையது கையோடு வருமென்றால் எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். ஒட்டியிருந்தால் விரல்களுக்கு முன்பே முடிகிற முக்கால் நீள இன்சோல் பொருந்தும். வேலைக்குப் போடும் ஷூவையே கடைக்குக் கொண்டுபோங்கள், அதுவும் சாயங்காலமாக. நின்று நின்று வீங்கிய காலுக்குத்தான் அளவு பார்க்க வேண்டும்.

முதல் நாளே பன்னிரண்டு மணி நேரம் போட்டதும் தப்பு. ஒரு மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்ட வேண்டும். ஆரம்பத்தில் கெண்டைக்காலில் லேசாகப் பிடிப்பது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் முழங்காலோ இடுப்போ புதிதாக வலித்தால் அந்த இன்சோல் உங்களுக்கு ஆகவில்லை.

ஒரு காலில்தான் வலி என்று ஒன்றை மட்டும் போடாதீர்கள். இரண்டிலும் போட வேண்டும்.

காசு விஷயம். பாதத்தை அச்சு எடுத்துச் செய்வதுதான் உசத்தி என்று ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். சாதாரணக் குதிகால் வலிக்குப் பெரும்பாலும் ரெடிமேடே போதும். பாதம் கோணலாக இருந்தால், மருத்துவர் எழுதித் தந்தால் அச்சுக்குப் போகலாம். எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றதும் பயந்துவிடுவார்கள். அப்படி வளர்ந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம்.

சர்க்கரை இருக்கிறவர்கள் மட்டும் தாமாக எதையும் வாங்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் ஓரம் உரசிப் புண்ணானாலும் தெரியாது. மரத்துப்போவது, எரிச்சல் இருந்தால் முதலில் மருத்துவர். உணர்ச்சி குறைந்த கால்களுக்கென்றே எம்சிஆர் (நுண்துளைகள் உள்ள மெத்தென்ற ரப்பர்) செருப்பு இருக்கிறது.

சரி, ஷூவே போடாத கடைகள்? மெத்தை விரித்துச் சேலை காட்டும் இடத்தில் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். இன்சோல் வாசலில் கிடக்கும். அங்கே உட்காருவதுதான் வழி. ஷூ போடுகிறவர்களும், இன்சோல் இருக்கிறதே என்று நாளெல்லாம் நின்றுகொண்டிருந்தால் வலி போகாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்த்த திருத்தப்படி, ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி செய்து தருவது முதலாளியின் கடமை. நான் இருந்த தளத்திலும் ஸ்டூல் வந்தது. ஒரே மாதத்தில் அதன் மேல் சேலைப் பெட்டி ஏறிவிட்டது. வாடிக்கையாளர் இல்லாத நேரம் பார்த்து நாங்களே பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்காருவோம். சூப்பர்வைசர் வரும் சத்தம் கேட்டால் திரும்ப ஏற்றிவிடுவோம்.