தென்னை மட்டை தூளாக்கும் மெஷின்: பராமரிப்பு முறை

டிராக்டர் பிடிஓவில் (இன்ஜின் விசையை வெளியே எடுக்கும் சுழல் முனை) ஓடும், டிஸ்க்கில் பிளேடு மாட்டிய மெஷினுக்கான முறை இது. பெட்ரோல் இன்ஜின் வைத்த சின்ன மெஷினுக்கும் பிளேடு வேலை இதேதான்; அதற்கு ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

1. நிறுத்துதல்
பிடிஓவைத் துண்டித்து, இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க் கனமானது, துண்டித்த பிறகும் வெகுநேரம் சுற்றும். அது நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பிடிஓ ஷாஃப்டைக் கழற்றி, டிஸ்க் அசையாதபடி மர ஆப்பு வையுங்கள். தோல் கையுறை கட்டாயம்.

2. சுத்தம்
பன்னாடையும் நாரும் ஷாஃப்டில் இறுகச் சுற்றிக்கொண்டு பேரிங் சீலைக் கிழிக்கும். கிரீஸ் வெளியேறி பேரிங் சுடுவது பெரும்பாலும் இதனால்தான். கொக்கிக் கத்தியால் அறுத்து எடுங்கள். பேரிங் பக்கம் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்.

3. பிளேடு
தூள் சீராக விழாமல் நார் நாராகத் தொங்கினாலோ, மட்டையைக் கையால் தள்ள வேண்டியிருந்தாலோ பிளேடு மழுங்கிவிட்டது. மட்டையில் ஒட்டியிருக்கும் மண்தான் முதல் எதிரி; தரையில் தட்டிவிட்டுப் போட்டாலே கூர் கூடுதல் நாள் நிற்கும்.

எல்லா பிளேடையும் ஒன்றாகக் கழற்றுங்கள். சரிவான பக்கத்தை மட்டும், பழைய சரிவு மாறாமல் தீட்டவும். தட்டைப் பக்கத்தைத் தொடக்கூடாது. கிரைண்டரில் அழுத்திப் பிடித்து விளிம்பு நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போயிற்று. அந்தக் கூர் ஒரு நாள்கூடத் தாங்காது. ஆகவே லேசாகத் தொட்டு, அடிக்கடி ஆறவிடுங்கள். பிறகு தராசில் வைத்துப் பாருங்கள்: எதிரெதிர் பிளேடுகளின் எடை ஒன்றாக இல்லாவிட்டால் மெஷின் அதிரும். விரிசல் கண்டால் தீட்டாமல் மாற்றிவிடுங்கள்.

4. இடைவெளி
சுற்றும் பிளேடுக்கும் அசையாத கீழ்க்கத்திக்கும் நடுவே, பல மெஷின்களில் 1 முதல் 2 மி.மீ. இருக்கும். உங்கள் மேனுவலில் உள்ள அளவே முடிவு. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒவ்வொரு பிளேடின் இரு முனையிலும் விட்டுப் பாருங்கள். இடைவெளி கூடினால் எவ்வளவு கூரான பிளேடும் நாரை வெட்டாது, மடக்கித்தான் தள்ளும். பிளேடு புதிதாக மாற்றியும் தூள் சரியில்லை என்பவர்கள் பார்க்காமல் விடும் இடம் இது.

5. கிரீஸ், பெல்ட்
8 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பேரிங்குக்கும் பிடிஓ கிராஸுக்கும் (ஷாஃப்டின் மடங்கும் இணைப்பு) கிரீஸ் கன்னை இரண்டு முறை அழுத்தினால் போதும். பேரிங்கில் அளவு மீறினால் சீல் பிதுங்கும். பெல்ட் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்கலாம். ஜோடி பெல்ட் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

6. ஓட்டிப் பார்த்தல்
ஆப்பை எடுத்து, டிஸ்க்கைக் கையால் ஒரு முழுச் சுற்று விடுங்கள், எங்கும் உரசக்கூடாது. மூடியையும் பிடிஓ ஷாஃப்டையும் மாட்டி, ஓரமாக நின்று மெதுவாகத் தொடங்கி பிடிஓவை நிமிடத்துக்கு 540 சுற்றுக்குக் கொண்டுபோங்கள். அரை மணி நேரம் ஓடியதும், முதல் படியில் சொன்னபடி மறுபடி நிறுத்தி பிளேடு போல்ட்டுகளை இறுக்குங்கள். ஷியர் போல்ட் (சுமை மீறினால் தான் உடைந்து மெஷினைக் காக்கும் போல்ட்) உடைந்தால் அதே ரகம்தான் போட வேண்டும். 'உறுதியாக இருக்கட்டும்' என்று ஹைடென்சில் (கூடுதல் வலுவான) போல்ட் போட்டால் அடுத்த முறை உடைவது கியர்பாக்ஸ்.