ஸ்டார்ச் பால்ல மணல் வந்துட்டே இருந்தது, நான் சரி பண்ணின விதம்
ஸ்டார்ச் பாலை, அதாவது தண்ணில கலந்த ஸ்டார்ச்சை, சுத்தி விட்டுப் பிரிக்கிற செப்பரேட்டர் மெஷினோட நாசில் (பால் வெளிய வர்ற சின்ன துவாரம்) அடிக்கடி அடைக்குது, சீக்கிரம் தேயுது, எல்லாரும் நாசில் குவாலிட்டியைத்தான் திட்டிட்டு இருந்தாங்க. நான் பக்கெட்ல கொஞ்சம் பால் எடுத்து நிறைய தண்ணி விட்டு கலக்கி, லேசா படிஞ்சதும் மேல இருக்கிறதை ஊத்திட்டு அடியில உள்ளதை விரல்ல தேச்சுப் பார்த்தா நறநறன்னு மணல். இத்தனைக்கும் முன்னாடியே பாலைச் சுழல விட்டு மணல் பிரிக்கிற ஹைட்ரோசைக்ளோன்ங்கிற கூம்பு ஓடிட்டுதான் இருக்கு!

மணலோட அடர்த்தி 2.6 கிட்ட, ஸ்டார்ச் 1.5தான், அதனால சுழல்ல மணல் ஈஸியா கீழ போயிடணும், ஆனா பால் கெட்டியா இருந்தா மணல் ஸ்டார்ச்சுக்குள்ளயே மாட்டிக்கிட்டு மேல வழியாவே போயிடும், எங்களுக்கு அதுதான் நடந்துச்சு. கூடவே அதுக்குப் பால் அனுப்புற ஃபீட் டேங்க் லெவல் இறங்குறப்பல்லாம் பம்ப் காத்தை இழுத்து பிரஷர் ஆடிட்டே இருந்தது. முதல்ல பாலை இளக்கினேன், டேங்க் லெவலை ஏத்தி வெச்சேன், பிரஷர் கேஜ் முள்ளு அசையாம நின்னுச்சு.

அடியில மணல் சேர்ற பாட்டிலை நிரம்புறதுக்கு முன்னாடியே ஃப்ளஷ் பண்ணணும், அந்தப் பாட்டிலுக்குள்ள கீழருந்து கொஞ்சம் சுத்தத் தண்ணி விட்டா ஸ்டார்ச் மேல திரும்பிடும், மணல் மட்டும் வெளிய போகும். தண்ணியை ரொம்பத் திறந்தா மணலும் சேர்ந்து மேல ஏறிடும், வால்வை மெதுவா திருகுங்க.