முன்னோர் ஒருவரின் வாழ்வை அவர் வாழ்ந்த காலத்தோடு சேர்த்து எழுதுவது எப்படி?

ஒரு தாளை மேலிருந்து கீழாகக் கோடிட்டு ஐந்து பத்திகளாகப் பிரித்து, முதல் நான்கில் ஆண்டு, அந்த ஆண்டில் அவருடைய வயது, அவர் இருந்த ஊர், அதற்கான ஆவணம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உலக நிகழ்ச்சிகளுக்குரிய ஐந்தாம் பத்தியைக் கடைசியில்தான் நிரப்ப வேண்டும். போர்களையும் பஞ்சங்களையும் முதலில் எழுதிவிட்டு அவற்றுக்குள் முன்னோரைப் பொருத்தப் பார்த்தால், சொந்த வாழ்க்கையிலேயே அவர் ஓரமாக நிற்க நேர்ந்துவிடும்.

வயதுப் பத்தியை அலட்சியம் செய்யாதீர்கள். 1890-இல் பிறந்த ஒரு பெண்மணிக்கு முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் வயது 24. இரண்டாம் போர் தொடங்கிய 1939-இல் 49. அவருக்கு 1912-இல் ஒரு மகன் பிறந்திருந்தால், 1939-இல் அந்த மகனுக்கு வயது 27, அதாவது படைக்கு அழைக்கப்படும் வயது. ஆகவே அந்தப் போரை நீங்கள் தேட வேண்டிய இடம் மகனுடைய ஆவணங்களே. பழைய பதிவுகளில் வயதை 30, 35, 40 என்று முழு எண்ணாகச் சொல்லிவிடும் வழக்கம் பரவலாக இருந்ததால், ஒரே ஆவணத்தை நம்பிப் பிறந்த ஆண்டை முடிவு செய்யவும் வேண்டாம்.

அதே பெண்மணியின் குழந்தை ஒன்று 1918 அக்டோபரில் இறந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வரியோடு நின்றுவிடாமல், முன்னும் பின்னுமாகச் சில பக்கங்களைப் புரட்டுங்கள். கோடை மாதங்களில் ஒரு பக்கமே போதுமானதாக இருந்த ஊரில் அக்டோபருக்கு மட்டும் பக்கம் பக்கமாகப் பெயர்கள் நீண்டு, இளைஞர்களும் நடுவயதினரும் அவற்றில் மிகுந்திருந்தால், அந்த ஆண்டின் கொடிய இன்ஃப்ளுயன்சா அலை அவ்வூரைத் தாக்கியிருக்க வேண்டும் என்று கொள்ளலாம். ஆயினும் குழந்தையின் இறப்புக்கு வேறு காரணம் எழுதப்பட்டிருந்தால், அந்த வரியில் இன்ஃப்ளுயன்சாவைச் சேர்க்காதீர்கள். எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும் அது உங்கள் ஊகமே.

ஊரும் தேதியும்கூட ஏமாற்றும். இன்றைய உக்ரைனின் லிவீவ் நகரம் 1918 வரை ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் லெம்பெர்க் என்றும், இரு போர்களுக்கு இடையே போலந்தில் லுவூஃப் என்றும் வழங்கியது. அங்கே பிறந்து வாழ்ந்த ஒருவரின் ஆவணங்கள், அவர் வீட்டைவிட்டு நகராதபோதும், வெவ்வேறு மொழிகளில் இருக்கும். பழைய ஜூலியன் நாள்காட்டியிலிருந்து இன்றைய கிரெகொரியன் நாள்காட்டிக்கு மாறியதால், ரஷ்யாவில் 1918 ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14. அதற்கு முந்தைய ரஷ்யத் தேதிகளை நாள்காட்டி மாற்றத்தைக் கணக்கிட்டே பிற நாட்டு நிகழ்ச்சிகளோடு ஒப்பிட வேண்டும்.

எழுதும்போது, ஆவணத்தில் உள்ளதை "பதிவாகியுள்ளது" என்றும், நீங்கள் உய்த்துணர்ந்ததை "இருந்திருக்கலாம்" என்றும் வேறுபடுத்துங்கள். எதுவும் கிடைக்காத ஆண்டுகளைப் பெரிய நிகழ்ச்சிகளால் நிரப்பாமல், அந்த வரிகளை வெறுமையாகவே விட்டு, பள்ளிப் பதிவேடு, நிலப் பத்திரம், கப்பல் பயணிகள் பட்டியல் என அடுத்துத் தேட வேண்டியவற்றைப் பென்சிலால் குறித்து வையுங்கள்.