அமெரிக்க அரசியல் செய்திகளில் நாம் சறுக்கும் இடங்கள்

டெல்லியைப் பார்த்துப் பழகிய கண்ணோடு வாஷிங்டனைப் பார்ப்பதால்தான் அமெரிக்க அரசியல் பற்றிய நம் பேச்சில் பாதித் தவறுகள் வருகின்றன. மக்களவையில் பெரும்பான்மை யாருக்கோ ஆட்சியும் அவருக்கே என்பது நமக்கு ஊறிப்போன கணக்கு. அங்கே அதிபரையும், பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரு அவைகள் கொண்ட நாடாளுமன்றமான காங்கிரஸையும் மக்கள் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரு அவைகளும் எதிர்க்கட்சியிடம் போனாலும் அதிபரின் நாற்காலி ஆடாது. காங்கிரஸைக் கலைக்க அதிபராலும் முடியாது. அதனால் ‘ஆட்சி கவிழும்’, ‘முன்கூட்டியே தேர்தல் வரலாம்’ என்றெல்லாம் எழுதவே வழியில்லை. எம்.பி.யாக இருந்துகொண்டே அமைச்சராவதும் அங்கே நடக்காது. 2009-ல் வெளியுறவு அமைச்சரானபோது ஹிலாரி கிளின்டன் செனட் பதவியை விட்டுவிட்டுத்தான் போனார்.

‘அதிபர் கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கிறது, மசோதா நிறைவேறிவிடும்’ என்று எழுதுவதும் அவசரம்தான். நம் கட்சித் தாவல் தடைச் சட்டம் போல அங்கே எதுவும் கிடையாது. 2017 ஜூலையில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை உடைக்க டிரம்ப் தரப்பு முயன்றபோது, செனட்டில் அவருடைய குடியரசுக் கட்சிக்கு 52 பேர் இருந்தார்கள். அவர்களில் ஜான் மெக்கெய்ன் உட்பட மூன்று பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். மசோதா 49–51 என்று தோற்றது. அந்த மூவரின் பதவிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது, நிர்வாக ஆணை வரும்போதெல்லாம் காதில் விழும் ‘அதிபர் கையெழுத்துப் போட்டார், சட்டமாகிவிட்டது’ என்ற பேச்சு. நிர்வாக ஆணை என்பது தனக்குக் கீழே உள்ள அரசு இயந்திரத்துக்கு அதிபர் இடும் உத்தரவு. அதற்கு அடியில் அரசியலமைப்போ காங்கிரஸ் இயற்றிய சட்டமோ இருந்தாக வேண்டும். இதற்கு முன்னாள் அதிபர் ட்ரூமனை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 1948-ல் ராணுவத்தில் நிறப் பிரிவினையை ஒழிக்க அவர் ஆணையிட்டார், அது நின்றது. படைகளின் தலைமைத் தளபதி அவர்தானே. 1952-ல், கொரியப் போர் நடக்கும்போது, வேலைநிறுத்தத்தைத் தடுப்பதற்காக எஃகு ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ளும்படி ஆணையிட்டார். சில வாரங்களிலேயே உச்ச நீதிமன்றம் 6–3 என்று அதை ரத்து செய்தது. போர் நடக்கிறது என்ற காரணம்கூட எடுபடவில்லை. அப்புறம், நிர்வாக ஆணைக்கு ஆயுளும் குறைவு. அடுத்து வருகிற அதிபர் முதல் நாளே ஒரு கையெழுத்தில் அதை நீக்கிவிடலாம். பைடனும் டிரம்பும் மாறி மாறிச் செய்தது அதுதான்.

பதவி நீக்கத் தீர்மானத்தில்தான் தலைப்புச் செய்திகளே தவறுகின்றன. பிரதிநிதிகள் சபையில் அது நிறைவேறினால் குற்றச்சாட்டு பதிவாகிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். விசாரணை நடப்பது செனட்டில்; பதவி பறிபோக அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 1868-ல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் தப்பியது ஒரே ஒரு வாக்கில்: எதிராக 35 பேர், ஆதரவாக 19 பேர், தேவைப்பட்டது 36. கிளின்டன் ஒரு முறையும் டிரம்ப் இரண்டு முறையும் இதே வழியில் குற்றஞ்சாட்டப்பட்டு, செனட்டில் தப்பினார்கள். நிக்சனை இந்தப் பட்டியலில் சேர்ப்பது பலரும் செய்யும் பிழை. 1974 ஆகஸ்டில், முழுச் சபை வாக்களிப்பதற்கு முன்பே அவர் ராஜினாமா செய்துவிட்டார். ஆக, இந்த வழியில் பதவி இழந்த அமெரிக்க அதிபர் இதுவரை ஒருவர்கூட இல்லை.

‘அமெரிக்கா போர்ப் பிரகடனம் செய்தது’ என்று எழுதும்போதும் கை கொஞ்சம் நிற்கட்டும். அந்த அதிகாரம் காங்கிரஸுடையது, கடைசியாகப் பயன்பட்டது 1942-ல். வியட்நாமுக்கும் இராக்குக்கும் காங்கிரஸ் தந்தது படைபலத்தைப் பயன்படுத்தும் அனுமதிதான். கொரியாவுக்கு அதுவும் இல்லை.

பேச்சுரிமை விஷயம் எளிது. அதைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை. ஒரு சமூக ஊடக நிறுவனம் உங்கள் பதிவை நீக்கினால் அந்தத் திருத்தத்தைக் காட்டி வழக்கில் ஜெயிக்க முடியாது.

மன்னிப்பு அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. அதிபர் மன்னிக்க முடிவது கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களை மட்டும். கொலை, கொள்ளை போன்ற பெரும்பாலான வழக்குகள் மாநிலச் சட்டத்தில் வருவதால், அங்கே வெள்ளை மாளிகையின் பேனா எழுதாது. பல மாநிலங்களில் ஆளுநரும் சிலவற்றில் தனி வாரியமும் முடிவு செய்யும். 2024 மே மாதம் நியூயார்க்கில் 34 குற்றச்சாட்டுகளில் டிரம்ப் குற்றவாளி என்று தீர்ப்பானதே, அது மாநில வழக்கு. ‘திரும்ப அதிபரானால் தன்னைத்தானே மன்னித்துக்கொள்வார்’ என்று அப்போது பலர் பேசினார்கள். அதிபருக்கு அப்படித் தன்னையே மன்னிக்க முடியுமா என்ற பெரிய கேள்வி இந்த வழக்கில் எழவே இடமில்லை.