கார்ன்வாலிலிருந்து லங்காஷயர்: ஒரு குடும்பம் போன வழியைத் தேடுவது எப்படி?

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு குடும்பம் எந்தெந்தக் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) வழியாக இடம்பெயர்ந்தது என்று தேட, தாத்தாவுக்குத் தாத்தா பெயரெல்லாம் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டாம். பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: ஒரு சென்சஸைப் பிடியுங்கள்

1881 சென்சஸிலிருந்து தொடங்குவது சுலபம். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். 1851 முதல் ஒவ்வொருவரும் பிறந்த ஊரும் கவுன்டியும் பதிவாகியிருக்கும். 1841இல் ‘இதே கவுன்டியில் பிறந்தவரா’ என்பதற்கு ஆம், இல்லை மட்டும்தான். பெரியவர்களின் வயதையும் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதிவிட்டார்கள்.

படி 2: பிள்ளைகளை வரிசையாகப் படியுங்கள்

ஒரு கற்பனைக் குடும்பம். 1881 ஏப்ரலில் லங்காஷயரின் ஃபர்னஸ் பகுதியில், டால்டன்-இன்-ஃபர்னஸ் என்ற ஊரில் இருக்கிறது. அப்பா சுரங்கத் தொழிலாளி, பிறந்தது கார்ன்வாலின் கேம்போர்ன். மூத்தவனுக்கு 8 வயது, அவனும் கேம்போர்ன். அடுத்தவளுக்கு 5, டெவனின் டாவிஸ்டாக். கடைக்குட்டிக்கு 2, டால்டன். அப்படியென்றால் 1872க்கும் 1876க்கும் நடுவில் ஒரு நகர்வு, 1875க்கும் 1879க்கும் நடுவில் இன்னொன்று. காரணமும் ஊகிக்கலாம்: 1866இல் செம்பு விலை சரிந்தபின் கார்ன்வால் சுரங்கங்கள் பல மூடின, ஃபர்னஸின் இரும்புச் சுரங்கங்களில் ஆள் தேவைப்பட்டது.

படி 3: பிறப்புப் பதிவோடு ஒப்பிடுங்கள்

சென்சஸில் ஊர் பெயர் தப்பாக இருக்கலாம். கார்ன்வால் உச்சரிப்பை வடக்கே எழுதிக்கொண்டவர் எப்படிக் கேட்டாரோ! பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணையில் 1837 முதல் பிறந்த குழந்தைகளுக்குத் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கும். அதை வைத்து உடன்பிறந்தவர்களைச் சேர்த்துவிடலாம். சென்சஸுக்கு முன்பே இறந்த குழந்தைகளும் இப்படித்தான் கிடைப்பார்கள். அப்புறம் சான்றிதழ் வாங்கினால் பிறந்த இடமே தெரியும்.

படி 4: எல்லையைக் கவனியுங்கள்

டால்டன் அன்று லங்காஷயரில் இருந்தது. 1974இல் கம்ப்ரியாவுக்குப் போனது. தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

படி 5: 1837க்கு முன்னால்

அரசின் பிறப்புப் பதிவு 1837இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் பாரிஷ் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) பதிவேடுகள்தான். 1813 முதல் ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் வசிக்கும் இடமும் உண்டு. கார்ன்வாலில் மெதடிஸ்டுகள் (இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்த கிறிஸ்தவப் பிரிவினர்) அதிகம் என்பதால் அவர்களுடைய பதிவேடுகளையும் பாருங்கள்.

ஏழைக் குடும்பமா? அப்படியானால் இன்னும் நல்லது (நமக்கு). 1662 சட்டப்படி, பாரிஷிடம் உதவி கேட்கக்கூடும் என்று தோன்றியவர்களை, உதவி பெற அவர்களுக்கு உரிமையுள்ள பாரிஷுக்கே திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முன் நடந்த விசாரணையில் பிறந்த ஊர், வேலை பார்த்த இடம், கல்யாணம் எல்லாவற்றையும் கேட்டு எழுதுவார்கள். இந்தத் தாள்கள் பெரும்பாலும் கவுன்டி ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. பெயரையும் பாரிஷையும் குறிப்பிட்டு அங்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.