நியூ ஹேவன் கடற்கரையின் முதல் முப்பது ஆண்டுகளைப் பார்ப்பது எப்படி

யேல் பல்கலைக்கழகத்தைப் பார்க்க என் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் நூலகம், கல் கோபுரங்கள், பீட்சா கடை என்று அரை நாளில் முடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இன்னும் ஒன்றரை நாள் தங்கினால் போதும், 1638 முதல் 1666 வரை இந்தக் கனெக்டிகட் கடலோரத்தில் என்ன நடந்தது என்பதை நடந்தே புரிந்துகொள்ளலாம். அவர்களை எப்படி அழைத்துப் போவேனோ அதே வரிசையில் எழுதுகிறேன். போகும் இடமெல்லாம் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டே வாருங்கள்: இந்த ஊர் யாரை உள்ளே சேர்த்தது, யாரை வெளியே நிறுத்தியது?

முதலில் ஈஸ்ட் ராக் குன்றின் உச்சிக்குப் போங்கள். கார் மேலே வரை போகும். குளிர்காலத்தில் மட்டும் சாலை மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலே நின்றால் துறைமுகம், அதில் வந்து சேரும் ஆறுகள், தூரத்தில் லாங் ஐலண்ட் எல்லாம் தெரியும். 1614இல் டச்சு மாலுமி ஏட்ரியன் பிளாக் இந்தக் கடலோரத்தை வரைபடமாக்கிப் போனார். டச்சுக்காரர்கள் இந்த இடத்தைச் செம்மலை என்றே குறித்தார்கள். பாறையின் நிறத்தைப் பார்த்தால் காரணம் புரியும்.

இங்கே குயினிபியாக் மக்கள் மீன், சிப்பி, சோளம் என்று வாழ்ந்தார்கள். 1633-34இல் பரவிய அம்மை இந்தப் பகுதியின் பூர்வகுடிகளைப் பெருமளவில் கொன்றது. 1637 மே மாதம் ஆங்கிலேயர்கள் மிஸ்டிக் என்ற இடத்தில் பீக்வாட் மக்களின் கோட்டைக்குத் தீ வைத்து, பெண்கள் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோரைக் கொன்றார்கள். தப்பியவர்களைத் துரத்திக்கொண்டு இந்தக் கரையோரமாக வந்த படை, நல்ல துறைமுகமும் மேய்ச்சல் நிலமும் இருக்கின்றன என்ற செய்தியோடு பாஸ்டன் திரும்பியது. லண்டன் வணிகர் தியோஃபிலஸ் ஈட்டனும் பாதிரியார் ஜான் டேவன்போர்ட்டும் அப்போதுதான் கப்பலிறங்கி இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வசந்தத்தில், 1638 ஏப்ரலில், தங்கள் கூட்டத்தோடு இங்கே வந்து சேர்ந்தார்கள். ஆகவே கதையை அந்தக் கப்பலில் தொடங்காதீர்கள், நோயிலும் போரிலும் தொடங்குங்கள். நிலம் ஏன் இவ்வளவு எளிதாகக் கிடைத்தது என்பது அப்போதுதான் விளங்கும்.

குன்றின் மேல் இருக்கும்போதே 1638 நவம்பர் ஒப்பந்தத்தையும் கைபேசியில் எடுத்து வாசியுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தலைவர் மொமாகினும் அவருடைய ஆட்களும் நிலத்தைக் கொடுத்ததற்குப் பெற்றவை: 12 மேலங்கிகள், 12 கரண்டிகள், 12 கோடரிகள், 12 மண்வெட்டிகள், 2 டஜன் கத்திகள், 12 கிண்ணங்கள், 4 பெட்டி பிரெஞ்சுக் கத்திகளும் கத்தரிக்கோல்களும். துறைமுகத்தின் கிழக்குக் கரையில் சுமார் 1,200 ஏக்கர் மட்டும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவின் முதல் பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலம் அதுதான் என்று பலர் சொல்கிறார்கள். பீக்வாட்டுகளும் மோஹாக்கு என்ற இன்னொரு பூர்வகுடியினரும் சுமத்திய கப்பமும் ஆபத்தும் தாங்க முடியாமல் பாதுகாப்புக்காகவே சம்மதித்தோம் என்று அந்த மக்கள் சொன்னதும் ஒப்பந்தத்தில் பதிவாகியிருக்கிறது. ஆங்கிலேயர் வழிபடும் நேரத்தில் வீடுகளின் பக்கம் சுற்றக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. தங்கள் சொந்த ஊரில் எப்போது நடமாடலாம் என்பதை வந்தவர்களிடம் கேட்க வேண்டிய நிலைமை! இந்த வரியை வாசிக்காமல் கீழே இறங்காதீர்கள்.

இறங்கியதும் நகர மையத்துக்கு வாருங்கள். ஜார்ஜ், ஸ்டேட், க்ரோவ், யார்க் ஆகிய நான்கு தெருக்களும் சேர்ந்த பெரிய சதுரத்தை ஒரு சுற்று நடங்கள். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும். இதற்குள் ஒன்பது சதுரங்கள். நடுச் சதுரம்தான் சந்தைத் திடல், இன்றைய கிரீன். தொழுகை மண்டபம் அதில்தான் இருந்தது. யார் எந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்று அந்தஸ்தின்படி வரிசை போட்டிருந்தார்கள், ஆண்களும் பெண்களும் தனித்தனியாக.

1639 ஜூன் 4ஆம் தேதி குடியேறிகள் ஒரு களஞ்சியத்தில் கூடினார்கள். திருச்சபையில் ஏற்கப்பட்டவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம், பதவி வகிக்கலாம் என்று முடிவானது. எல்லோரும் கை தூக்கினார்கள். பிறகு ஒரே ஒருவர் எழுந்து, ஆள்பவர்கள் கடவுளுக்கு அஞ்சுபவர்களாக இருக்க வேண்டும் என்பது சரி, ஆனால் குடியேறிகள் தங்கள் அதிகாரத்தைக் கைவிட்டுக் கொடுக்கக் கூடாது என்றார். பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. பெயரில்லாத அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. அந்த முடிவுக்குப் பின் வந்த நீதிமன்றத்தில் ஜூரி முறையும் கிடையாது. மோசேயின் சட்டத்தில் அது இல்லை என்பது காரணம்.

கிரீனில் நிற்கும் சென்டர் சர்ச்சின் நிலவறையைக் கட்டாயம் பாருங்கள். திறக்கும் நாள்கள் குறைவு, முன்னதாக விசாரியுங்கள். பழைய இடுகாட்டின் ஒரு பகுதிமேலேயே 1812-14இல் தேவாலயத்தைக் கட்டியதால் கல்லறைக் கற்கள் அப்படியே தரைக்கடியில் நிற்கின்றன.

இங்கே ஆன் ஈட்டனைப் பற்றிப் பேச வேண்டும். ஆளுநர் ஈட்டனின் மனைவி. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியல்ல என்று நம்பி, அந்தச் சடங்கு நேரத்தில் எழுந்து வெளியே போனார். 1644இல் திருச்சபை அவரை விசாரித்தது. வீட்டுச் சண்டைகளையும் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொண்டு, கடைசியில் சபையிலிருந்தே விலக்கியது. ஊரின் முதல் வீட்டுப் பெண்ணுக்கே இந்தக் கதி. அந்த வீட்டில் ஆப்பிரிக்க அடிமைகளும் இருந்தார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

ஆன் ஈட்டனுக்கு முதல் கணவர் வழியில் பிறந்த மகன் டேவிட் யேல். அவருடைய மகன்தான் 1649இல் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல். சின்னப் பிள்ளையாக இங்கிலாந்து போய், 1672இல் சென்னைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். 1680இல் அவருடைய திருமணம் நடந்தது கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தில். சென்னைக் கப்பல்களில் அடிமைகளை ஏற்றி அனுப்ப உத்தரவிட்ட ஆலோசனைக் குழுவிலும் அவர் இருந்தார். 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், அரசரின் படம் ஆகியவற்றுக்காகவே கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். பொதிகளில் மஸ்லினும் காலிகோவும் இருந்தன. விற்று வந்த தொகை 562 பவுண்டு. வளாகத்தைச் சுற்றிக் காட்டுபவர்கள் அவரைக் கொடையாளி என்பதோடு நிறுத்தினால், பாட்டியைப் பற்றியும் சென்னையைப் பற்றியும் நீங்கள் கேளுங்கள்.

மறுநாள் காலை கில்ஃபோர்டு. ஷோர் லைன் ஈஸ்ட் ரயில் போகிறது, கார் இருந்தால் இன்னும் வசதி. பலர் ஹென்றி விட்ஃபீல்டின் 1639ஆம் ஆண்டுக் கல் வீட்டுக்குள் நேரே போய்விடுவார்கள். நான் முதலில் உவர்நிலப் புல்வெளிக்கு அழைத்துப் போவேன். குடியேறிகள் கரையை ஒட்டியே இருந்ததற்கு இந்தப் புல்லும் முக்கியக் காரணம். காட்டை வெட்ட வேண்டாம், உழ வேண்டாம், விதைக்க வேண்டாம். அலை ஏறி இறங்கும் சேற்றில் தானாக வளரும் தீவனம். மாடுகளோடு வந்தவர்களுக்கு அது முதல் குளிர்காலத்தைத் தாண்ட வழி. இந்த நிலத்தை விற்றவர் ஷாம்பிஷு என்ற பெண் தலைவர், மொமாகினின் சகோதரி. அதன் பிறகு வீட்டுக்குள் போங்கள். சுவர்களில் எது பழசு, எது பின்னாளில் திருத்திக் கட்டியது என்று அங்கிருப்பவர்களிடமே கேளுங்கள், நிறையவே மாறியிருக்கிறது. விட்ஃபீல்டு 1650இல் இங்கிலாந்து திரும்பிவிட்டார்.

மில்ஃபோர்டுக்கு அரை மணி போதும். சபையில் சேராத ஆறு பேருக்கு அந்த ஊர் வாக்குரிமை கொடுத்திருந்தது. அதனாலேயே 1643 வரை நியூ ஹேவனோடு இணைவது இழுபட்டது. ஆறே பேருக்காக!

பழைய ஆவணம் எதையாவது வாசிக்கத் தொடங்கினால் தேதியில் கவனம் வையுங்கள். அவர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25. மாதங்களையும் மார்ச்சிலிருந்து எண்ணினார்கள். 1638ஆம் ஆண்டின் பதினோராம் மாதம் என்றால் நமக்கு அது 1639 ஜனவரி. 1644 முதல் 1653 வரையிலான காலனிப் பதிவேடு தொலைந்துவிட்டது, தேடி அலையாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தாய் குழந்தையை முத்தமிடத் தடை என்பது போன்ற "நீலச் சட்டங்கள்" இணையத்தில் நிறைய உலவும். சாமுவேல் பீட்டர்ஸ் என்ற பாதிரியார் லண்டனில் உட்கார்ந்து 1781இல் எழுதியது அது, பலவும் கற்பனை. உண்மையான சட்டத் தொகுப்பு 1656இல் அச்சானது.

மாலையில் வெஸ்ட் ராக் குன்றில் உள்ள நீதிபதிகள் குகைக்கு ஏறுங்கள். நல்ல காலணி வேண்டும். முதலாம் சார்லஸ் மன்னருக்கு மரண தண்டனை விதித்தவர்களில் எட்வர்ட் வாலியும் வில்லியம் காஃபும் 1661இல் இந்தப் பாறைகளுக்கிடையே ஒளிந்திருந்தார்கள். சார்லஸின் மகனான புதிய அரசரின் ஆட்கள் ஒரு சனிக்கிழமை கில்ஃபோர்டு வந்து, ஆளுநர் பொறுப்பில் இருந்த துணை ஆளுநர் வில்லியம் லீட்டிடம் ஆணையைக் கொடுத்தார்கள். அவர் அதைச் சத்தமாகப் படித்தார், அப்புறம் ஞாயிறு ஓய்வுநாள் என்று சொல்லித் திங்கள் வரை இழுத்தார். அதற்குள் செய்தி நியூ ஹேவனுக்குப் போய்விட்டது. சபையில் சேராத அண்டைவீட்டானுக்கு வாக்கு தராத ஊர், தேடப்பட்ட இருவருக்காகத் தன்னையே பணயம் வைத்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1662இல் அரசர் கொடுத்த சாசனம், அதுவரை தனிக் காலனியாக இருந்த நியூ ஹேவனைக் கனெக்டிகட் காலனியின் எல்லைக்குள் வைத்தது. இரண்டு ஆண்டுக்கும் மேலாக எதிர்த்துவிட்டு, 1665 தொடக்கத்தில் பணிந்தார்கள். பணியாதவர்களும் உண்டு. மில்ஃபோர்டிலிருந்து ராபர்ட் டிரீட்டும் பிரான்ஃபோர்டிலிருந்து பாதிரியார் ஏப்ரகாம் பியர்சனும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு தெற்கே போய், 1666இல் புதிய ஊர் ஒன்றை அமைத்தார்கள். திருச்சபை உறுப்பினருக்கே வாக்கு என்ற விதியையும் கையோடு கொண்டுபோனார்கள். அந்த ஊர் நியூவர்க். உங்கள் திரும்பும் விமானம் அங்கிருந்து என்றால், ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி அந்த நகர மையத்தையும் பார்த்துவிடுங்கள்.